வெங்காயம் வதங்கும் சத்தம்

என் மனைவிக்குச் சின்ன வயதிலிருந்தே காது கேட்காது. எனக்கோ வாய் ஓயாது. திருகோணமலை பஸ் நிலையத்தில் நேரம் பார்த்து பஸ்களை அறிவிக்கிற வேலை எனக்கு. பகலெல்லாம் மைக்கில் கத்திவிட்டு வீட்டுக்கு வந்தால் அங்கேயும் கத்துவதற்கு ஏதாவது கிடைத்துவிடும். மின்சாரக் கட்டணம், பக்கத்து வீட்டுச் சேவல், வைத்த இடத்தில் இல்லாத மூக்குக்கண்ணாடி. ஏசிக்கொண்டே திரிவேன். அவளுக்குக் கேட்காததால்தான் எங்கள் கலியாணம் நிலைத்து நிற்கிறது என்று வேலையிடத்தில் பகிடி பண்ணுவார்கள். அவர்களுக்கு என்ன தெரியும். என் புருவத்தைப் பார்த்தே நான் யாரை என்ன சொல்லி ஏசுகிறேன் என்று அவள் பிடித்துவிடுவாள்.

குசினியில் சமைப்பதை ஃபோனில் படம்பிடித்து ஃபேஸ்புக்கில் போடுவது அவளுடைய பொழுதுபோக்கு. முகம் காட்டமாட்டாள், கைகள் மட்டும்தான். செய்முறையைப் பூப்போட்ட கரை வைத்த ஒரு படமாகச் செய்து கூடவே போடுவாள். அந்தப் பூக்களுக்கே அரை நாள் போகும். பார்க்கிறவர்கள் மெல்லமெல்லக் கூடினார்கள். ஒருநாள் ஒரு பின்னூட்டத்தைக் காட்டி, இது என்ன என்று புருவத்தை உயர்த்தினாள். "கறி அருமை அக்கா. பின்னால் ஏசுகிறவர் யார்?" என்று இருந்தது.

அப்போதுதான் எனக்கே விளங்கியது. வீடியோவில் சத்தமும் பதிகிறது என்பதை அவள் யோசித்ததே இல்லை; நானும் யோசிக்கவில்லை. ஆரம்பத்திலிருந்து போட்டுக் கேட்டேன். பிட்டு அவிக்கிற வீடியோவில் நான் சேவலோடு சண்டை பிடிக்கிறேன். சொதியில் பாடுகிறேன், அதுவும் சுருதி இல்லாமல். கணவாய்க் கறியில் என் தும்மல். உலகமே கேட்டிருக்கிறது. வெட்கம் தாங்கமுடியாமல் எல்லாவற்றையும் அவளுக்குச் சைகையில் சொன்னேன். அவள் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக்காரர் வேலியால் எட்டிப் பார்த்தார். ஒன்றையும் அழிக்கவிடமாட்டேன் என்று ஃபோனை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

அந்த நாட்களில்தான் குச்சவெளிப் பக்கத்திலிருந்து ஒரு குரல் செய்தி வந்தது. இளம் பெண் ஒருத்தி, கண் பார்வை இல்லாதவள்.

"அக்கா, உங்கட வீடியோ எல்லாம் கேக்கிறனான். எண்ணெய் கொதிக்கிறது, அகப்பை சட்டியில முட்டுறது, அண்ணை ஏசுறது எல்லாம் வடிவாக் கேக்குது. ஆனா நீங்கள் என்ன போடுறீங்கள் எண்டு தெரியேல்ல. எழுத்தெல்லாம் படத்துக்குள்ள இருக்கு. என்ர ஃபோன் எனக்கு வாசிச்சுச் சொல்லுறது, ஆனா உங்கட பக்கத்துக்கு வந்தா 'படம்' எண்டு மட்டும் சொல்லிப்போட்டு நிண்டுடுது."

காது கேளாதவளுக்குக் குரலில் ஒரு செய்தி. நான் சைகையில் மாற்றிக் கொடுத்தேன். மனைவி தலையில் கைவைத்துக்கொண்டாள். "அரை நாள் பூக் கீறினேன், அது அவளுக்கு ஒரு சுவர்" என்றாள். எங்கள் சைகையில் நீ, நீங்கள் என்ற வேற்றுமை கிடையாது. எனக்குச் சொல்லும்போது நீங்கள் என்று சொல்கிறாள் என்றே நான் எடுத்துக்கொள்வேன். அது என் வசதி.

பேசப்பேச அந்தப் பெண்ணின் கதை தெரிந்தது. நகரத்தில் ஓர் அலுவலகத்தில் தொலைபேசிக்குப் பதில் சொல்கிற வேலை அவளுக்குக் கிடைத்திருக்கிறது. இன்னொரு பெண்ணோடு அறை எடுத்துத் தங்கப்போகிறாள். தாய் தகப்பன் இல்லை, வளர்த்தவர் தமையன். கடற்றொழில் செய்பவர். நெருப்புச் சுட்டுவிடும் என்று அவளை அடுப்புப் பக்கமே விட்டதில்லை. அங்கே யார் உனக்கு ஆக்கித் தருவது, ஒரு நேரச் சாப்பாட்டைத் தனிய ஆக்கிக் காட்டு என்று சொல்லிவிட்டார். அவருக்குப் பிடித்தது சூரை மீன் குழம்பு.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "வேலை எடுத்தது நீங்கள். அவரிட்ட ஏன் கேக்கவேணும் தங்கச்சி?" என்றேன்.

"கேக்கேல்ல அண்ணை. நான் எப்பிடியும் போவன். ஆனா அவர் கடலுக்குப் போகேக்க என்னை நினைச்சுப் பயந்துகொண்டு போகக்கூடாது. அதுதான்."

அவள் சொன்னதை மனைவிக்குச் சைகையில் சொல்லி, ஏச வந்ததை விழுங்கிக்கொண்டேன். இது எப்போதாவதுதான் நடக்கும்.

மனைவி பூக்களை விட்டாள். செய்முறையைப் படத்துக்குள் வைக்காமல் வெறும் எழுத்தாகப் பதிவில் தட்டினாள். ஃபோன் வாசித்தது. அந்தப் பெண்ணுக்குச் சந்தோஷம்தான், ஆனால் உடனே அடுத்த கேள்வி வந்தது. "வெங்காயம் பொன்னிறமா வரும்வரைக்கும் வதக்க எண்டு இருக்கு அக்கா. பொன்னிறத்தை நான் எங்க தேட?" அவள் சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். எங்களுக்குத்தான் சுருக்கென்றது.

"உங்கள் வாயை ஒருநாளாவது உருப்படியாகப் பாவியுங்கள்" என்றாள் மனைவி. அவள் சமைக்க, நான் பக்கத்தில் நின்று சொல்லவேண்டும். எனக்குத் தெரிந்த அறிவிப்பு ஒன்றே ஒன்றுதான். ஃபோனைப் பிடித்ததும் வாய் தானாகத் திறந்தது. "சட்டி தற்பொழுது அடுப்பில் தரித்து நிற்கின்றது. எண்ணெய் வந்து சேர்ந்துவிட்டது. வெங்காயம் இன்னும் சிறிது நேரத்தில் புறப்படவுள்ளது." பாதியில் எனக்கே பதற்றமாகி, "இதை எடுத்து, இவ்வளவு போட்டு, இப்பிடி ஒரு சுத்துச் சுத்திவிட்டு" என்று முடித்தேன்.

"அண்ணை, வயிறு நோகச் சிரிச்சனான்" என்று பதில் வந்தது. "ஆனா 'இது' எண்டா எது? 'இவ்வளவு' எண்டா எவ்வளவு? உங்கட கை எனக்குத் தெரியாதே."

அடுத்த நாள் வேலையால் வந்தபோது மனைவி கண்ணைத் துவாயால் இறுகக் கட்டிக்கொண்டு அடுப்புக்கு முன்னால் நின்றாள். எனக்கு உயிர் போய்விட்டது. கண்ணும் இல்லை, காதும் இல்லை. கவனம் என்று எப்படிச் சொல்வது? தோளைத் தொட்டேன். முழங்கையால் ஒரு இடி இடித்துத் தள்ளிவிட்டாள். பிறகு நான் வாசற்படியில் நின்று சும்மா பார்த்தேன். அகப்பைக் காம்பை விரலால் பிடித்து, அதில் வருகிற நடுக்கத்தில் கொதியைப் பார்த்தாள். உள்ளங்கையைச் சட்டிக்கு மேலே தூக்கிப் பிடித்து ஆவியைப் பார்த்தாள். மூக்கை நீட்டி நீட்டி வெந்தயத்தைப் பார்த்தாள். குழம்பு நன்றாகத்தான் வந்தது. உப்பு மட்டும் சட்டிக்குப் பக்கத்தில் நிலத்துக்குப் போயிருந்தது. துவாயை அவிழ்த்ததும் அதைப் பார்த்து, முதலில் அகப்பையால் சட்டியின் வாயைத் தேடிக்கொள்ளவேண்டும் என்று உடனே எழுதி வைத்தாள்.

பிறகு அவள் என்னிடம் ஒன்று கேட்டாள். "வெங்காயத்துக்குச் சத்தம் இருக்கிறதா?"

வாழ்நாளெல்லாம் காது இருந்தும் நான் அதைக் கவனித்ததில்லை. அடுப்புக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டு இருந்து கேட்டேன். போட்டவுடன் தகரத்தில் பெருமழை. அப்படியே குறைந்து தூறல். கடைசியில் மெல்லிய ஒரு சீறல் மட்டும். மழை அவளுக்குத் தெரியும், கதவில் கைவைத்துத் தகரத்து மழையை அறிவாள். ஆகவே கதவில் என் விரல்களால் தட்டித் தட்டி வெங்காயம் வதங்குவதைக் காட்டினேன். அவள் கையைக் கதவில் வைத்துக்கொண்டு கண்கள் விரிய நின்றாள். "ஒரு வெங்காயத்துக்கு இவ்வளவு கதையா?" என்றாள். இன்னொரு வெங்காயம் நறுக்கிப் போட்டு மறுபடியும் தட்டச் சொன்னாள். அன்று இருந்த சந்தோஷத்தில் அன்றைக்குத் தேவையில்லாத வெங்காயமெல்லாம் வதங்கியது.

இப்படித்தான் அந்த வீடியோ வந்தது. சத்தத்தை நான் சொன்னேன், மணத்தையும் சூட்டையும் அவள் எழுதினாள். "வெங்காயத்தின் இரைச்சல் அடங்கி, பச்சை மணம் போய், இனிப்பு மணம் வந்தால் போதும்." "பழப்புளி விட்டபிறகு கொதி வரும், அகப்பைக் காம்பு விரலில் துடிக்கும்." எது முதலில், சத்தமா மணமா என்று எங்களுக்குள் பெரிய சண்டை. திருப்பித் திருப்பி எடுத்ததில் வீட்டில் சூரையைத் தவிர வேறு மீன் இல்லை. இன்னும் விருந்தாளிகள் போகவில்லையா என்று மீன்காரர் கேட்டார். நான் சொன்னவை எல்லாவற்றையும் அவள் திரையில் எழுத்தாகவும் ஓடவிட்டாள், தன்னைப்போலக் காது கேளாதவர்களுக்காக. கைக்குழந்தையோடு இருக்கிற ஒரு தாய், இப்போது சத்தத்தை நிறுத்திவிட்டுப் பிள்ளையை நித்திரையாக்கிக்கொண்டே பார்க்கலாம் என்று நன்றி எழுதியிருந்தார். நாங்கள் அவரை நினைக்கவே இல்லை.

குச்சவெளிப் பெண் தமையன் இல்லாத நேரங்களில் பழகினாள். ஒரு நாள் புளி கூடிப்போனது, ஒரு நாள் அடிப்பிடித்தது. பிறகு ஒரு பௌர்ணமிப் போயா விடுமுறையன்று, இன்றைக்கு நான்தான் சமையல் என்று தமையனிடம் சொல்லிவிட்டாள். தான் சமைப்பதை அக்கா பார்க்கவேண்டும் என்று ஃபோனைப் பால்மா டின்னில் சாய்த்து வைத்துப் படம்பிடித்து, அப்படியே எங்களுக்கு அனுப்பினாள். பின்னாலேயே ஒரு குரல் செய்தி. குரல் இறங்கிப் போயிருந்தது.

"அண்ணை, எல்லாம் சரியாத்தான் செய்தனான். அவர் சாப்பிட்டவர். ஒண்டும் கதைக்கேல்ல. பாப்பம் எண்டு மட்டும் சொல்லிப்போட்டு எழும்பிப் போயிட்டார். அவருக்குப் பிடிக்கேல்லப் போல."

எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது. அந்த மனிதனைக் கூப்பிட்டு நாலு வார்த்தை கேட்க ஃபோனை எடுத்தேன். மனைவி அதைப் பறித்துக்கொண்டு வீடியோவைப் போட்டாள். சட்டி அதில் இல்லவே இல்லை. அவள் சட்டியைக் காட்டுவதாக நினைத்து வைத்த ஃபோன், வாசல் பக்கம் திரும்பித் தமையனையே முழுக்கப் பிடித்திருந்தது. நான் அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன்; அடுப்பு மூட்டுகிற சத்தத்தையும் மீன் விழுகிற சத்தத்தையும் அவளுக்குச் சைகையில் சொன்னேன். தமையனிடமிருந்து ஒரு பெருமூச்சும், சாப்பாட்டுக் கோப்பைச் சத்தமும், கடைசியில் அந்த வறண்ட "பாப்பம்" உம்தான் கேட்டன. மனைவி பார்த்துக்கொண்டிருந்தாள். பார்த்து முடித்து, மறுபடி பார்த்தாள். பிறகு கதிரையில் இருந்து, ஆறுதலாகத் தட்டத் தொடங்கினாள். அவள் தோளுக்கு மேலால் நான் வாசித்தேன்.

"தங்கச்சி, உன் வீடியோவில் நான் பார்த்ததை எழுதுகிறேன். நீ அடுப்பு மூட்டும்போது அண்ணா வாசலில் நிற்கிறார். கையை நீட்டுகிறார். உன்னைத் தொடாமல் இழுத்துக்கொள்கிறார். நீ மீனைப் போடும்போதும் அப்படித்தான். பிறகு நிலத்தில் சம்மணமிட்டு இருந்து சாப்பிடுகிறார். முதல் வாய் வைத்ததும் மெல்லுவதை நிறுத்தி உன்னைப் பார்க்கிறார். நீ அந்தப் பக்கம் திரும்பி நிற்கிறாய் என்று நினைக்கிறேன். புறங்கையால் கண்ணைத் துடைக்கிறார். கோப்பையில் ஒரு பருக்கை மிச்சமில்லை, விரலை நக்குகிறார். 'பாப்பம்' என்று சொன்னாராம், எனக்கு அது கேட்காது. சொல்லும்போது அவர் வாய் சிரித்தபடி இருந்தது. எழும்பிப் போனது கோபத்தில் இல்லை. வாசலுக்கு வெளியே போய் நின்று முகத்தைப் பொத்திக்கொண்டு அழுகிறார். தோள் குலுங்குவது தெரிகிறது."

அனுப்பிவிட்டு ஃபோனை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். பிறகு குரல் செய்தி வந்தது. அந்தப் பெண் அழுகிறாளா சிரிக்கிறாளா என்று முதலில் எனக்கு விளங்கவில்லை.

"அக்கா, ஃபோனைச் சத்தமா வாசிக்க விட்டுக் கேட்டுக்கொண்டிருந்தனான். திருப்பித் திருப்பிக் கேட்டனான். என்ர அண்ணா பின்னால வந்து நிண்டது எனக்குத் தெரியாது. எல்லாத்தையும் கேட்டுப்போட்டார்."

அதற்குப் பிறகு ஓர் ஆணின் குரல், கொஞ்சம் கனைத்துக்கொண்டு.

"அக்காட்டச் சொல்லுங்கோ, நான் அழேல்ல. பிள்ளை உறைப்பைக் கூடப் போட்டிட்டாள். அதுதான் கண் கலங்கினது. திங்கக்கிழமை அறை பாக்க நானும் கூட வாறன். அங்க காஸ் அடுப்பு எந்தப் பக்கம் இருக்கு எண்டு நான் ஒருக்காப் பாக்கவேணும்."

அதை ஒரு சொல்லும் விடாமல் மனைவிக்குச் சைகையில் சொன்னேன். அவள் கண்ணில் நீர் நின்றது. ஆனால் உறைப்பு என்ற இடத்துக்கு வந்ததும் நிமிர்ந்து இருந்தாள். "பொய்" என்றாள். "என் அளவில் போட்டால் உறைப்பு மிஞ்சாது. அந்த மனுசன் நல்லா அழுதவர் என்று எழுதி அனுப்பப்போகிறேன்."

அனுப்பினாள்.