சூசை அண்ணன் பார்த்த கோல்

போன வாரம் கோட்டாறு கம்போளச் சந்தைக்கு மரச்சீனிக் கிழங்கு வாங்கப் போயிருந்தேன். லாரியிலிருந்து வெங்காய மூட்டை இறக்கிக்கொண்டிருந்தவர் தலையில் சும்மாடாகச் சுற்றியிருந்த துணியைப் பார்த்ததும் பையைக் கீழே வைத்துவிட்டேன். கருஞ்சிவப்பில் வெள்ளைக் கோடு போட்ட பனியன். வெளுத்துப் போயிருந்தாலும் ஒன்பது என்ற எண்ணில் பாதி தெரிந்தது. நான் முதல்முதலாகச் சம்பளம் வாங்கிய இடத்துப் பனியன் அது. வெகுநேரம் வெறித்துப் பார்த்திருப்பேன் போல, அந்த மனிதருக்கே கூச்சமாகிவிட்டது. அடுத்த கடை கருவாட்டுக் கடை. அந்த வாசமும் சேர்ந்துகொண்டதும் நான் மனசால் முட்டத்துப் பக்கம் போய்விட்டேன். கிழங்கு வாங்கவில்லை என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் நினைவுக்கு வந்தது.

என் முதல் வேலை ஒரு கால்பந்து கிளப்பில் என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை. என் உடம்புவாகைப் பார்த்தால் நம்பவும் முடியாது. நான் படித்தது கண் பரிசோதனை. சென்னையில் பெரிய போட்டிகளில் ஆடுகிற ஒரு தொழில்முறை அணி, சமூகப் பணிக்கென்று தனியாக ஒரு பிரிவு வைத்திருந்தது. போட்டிகள் இல்லாத மாதங்களில் கடற்கரை ஊர்களுக்குப் போய்ப் பிள்ளைகளுக்குப் பந்து பழக்குவார்கள், ரத்ததான முகாம் நடத்துவார்கள், கண் பார்த்து இலவசமாகக் கண்ணாடி கொடுப்பார்கள். எங்கள் மாவட்டத்துக் கடற்கரையில் பிள்ளை நடக்கப் பழகும்போதே பந்தையும் உதைத்துப் பழகிவிடும் என்பதால் எங்களூர்ப் பக்கம் அவர்களுக்குத் தனிப் பிரியம். பேச்சு புரிகிற ஒரு ஆள் வேண்டும் என்று தேடியதில் நான் அகப்பட்டேன். நேர்முகத்தில் பிடித்த ஆட்டக்காரர் யார் என்று மேலாளர் கேட்டார். தெரிந்த ஒரு பெயரைச் சொன்னேன். அவர் கிரிக்கெட் ஆடுகிறவர் என்று மேலாளர் பக்குவமாக எடுத்துச் சொல்லிவிட்டு, பாவம், வேலையும் கொடுத்தார்.

இப்போது சொல்லப்போகிற ஊரின் பெயரைச் சொல்லமாட்டேன். அங்கே எனக்கு இன்னும் போக்குவரத்து உண்டு. மைதானத்தில் நின்றால் முட்டம் கலங்கரை விளக்கம் தெரியும், அது போதும். வெள்ளியும் சனியும் தேவாலயத்தை ஒட்டிய பங்குமன்றத்தில் கண் முகாம். ஞாயிறு சாயங்காலம் எங்கள் அணிக்கும் ஊர் அணிக்கும் சிநேக ஆட்டம். தொலைக்காட்சியில் பார்த்த ஆட்டக்காரர்கள் தங்கள் மணலில் வந்து ஆடப்போகிறார்கள் என்றதும் ஊருக்குத் தூக்கம் போய்விட்டது. யாரும் கட்டுமரத்தைக் கூட மனசோடு தள்ளவில்லை என்று பாதிரியார் சொல்லிச் சிரித்தார்.

வெள்ளிக்கிழமை காலையில் முகாம் தொடங்கியது. பங்குமன்றத்தின் ஜன்னல்களை அடைத்து, உள்ளே விளக்கு எரிகிற எழுத்துப் பெட்டியைச் சுவரில் மாட்டினேன். மேலே பெரிய எழுத்து, கீழே போகப் போகச் சின்ன எழுத்து. வாசிக்க வாசிக்கப் பார்வை எவ்வளவு என்று தெரிந்துவிடும். ஒரு பக்கம் நான் லென்ஸ் துடைக்கிற ஸ்பிரிட் வாசம், ஒரு பக்கம் வெளியே காய்கிற நெத்திலி வாசம். முதலில் வந்தவர் கடைசி வரி வரை படபடவென்று வாசித்தார். அடுத்தவரும் அப்படியே. பத்துப் பேர், இருபது பேர், மத்தியானம் வரைக்கும் ஒருவர்கூடத் தவறவில்லை. எழுபது வயதுக்காரர் ஒருவர் பெட்டி இருந்த பக்கத்துக்குக் கொஞ்சம் விலகிப் பார்த்தபடி வாசித்தார். அப்போதாவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். படித்து முடித்த புதிது; என் பெட்டி மேல் எனக்கு அவ்வளவு நம்பிக்கை.

மேலாளர் மகிழ்ந்துபோனார். மீன் சாப்பிடுவதன் மகிமை என்று சென்னைக்குப் போன் பேசினார். பத்திரிகைக்குக் கொடுக்க ஒரு படம்கூட எடுத்தார். நானும் அந்தப் படத்தில் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறேன்.

சாப்பாட்டுக்குப் பிறகு சூசை அண்ணன் வந்தார். நாற்பத்து நான்கு வயது, பெரிய தோள், நல்ல உயரம். ஊர் அணிக்கு இருபது வருஷமாகக் கோலி அவர்தான். கோலி என்றால் கோல் காப்பவர்; அதுவும் அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். வலது கண்ணை மூடச் சொன்னேன். மூடிக்கொண்டு, ஜெபமாலை சொல்கிற ராகத்தில் வரிவரியாக வாசித்தார். ஐந்தாவது வரியில் கரண்ட் போய்விட்டது. பெட்டி அணைந்தது. ஜன்னலெல்லாம் அடைத்த அறை, என் கையே எனக்குத் தெரியவில்லை. அந்த இருட்டில் சூசை அண்ணன் ராகம் மாறாமல் ஆறாவது வரியை வாசித்தார். ஏழாவதையும் வாசித்தார். முடித்துவிட்டு, "அடுத்த கண்ணா மக்கா?" என்று கேட்டார்.

நான் சிரித்த சிரிப்பு பாதிரியார் வீடு வரை கேட்டதாம். ஜன்னலைத் திறந்துவிட்டுப் பார்த்தால் அந்த மனிதர் முகத்தில் ரத்தமே இல்லை. அதற்குப் பிறகு எனக்குச் சிரிக்க வரவில்லை.

விஷயத்தை உடைத்தது அவர் மனைவி ஃபிலோமினா அக்கா. மீன் விற்றுவிட்டு வந்து, அடுத்த ஆளாகக் கதவருகே நின்றிருந்தார். கண் பார்க்கிறவர்கள் பந்து கிளப்புக்காரர்கள், அதனால் கண் தேறினவர்களைத்தான் ஞாயிற்றுக்கிழமை ஆட விடுவார்கள் என்று ஊரில் யாரோ கிளப்பிவிட்டிருக்கிறார்கள். ஒருவன் கண் தேறாவிட்டால் ஆட்டமே ரத்தாகும் என்று அடுத்த தெருவுக்குப் போகும்போது அது வளர்ந்துவிட்டது. உடனே ஊர் ஒன்றுகூடிவிட்டது. காலையில் முதல் நாலு பேர் வாசித்ததை ஜன்னலுக்கு வெளியே நின்று கேட்டு எழுதி, வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். ஜெபத்தில் முன்னால் ஒருவர் சொல்லப் பின்னால் எல்லாரும் சொல்லிப் பழகிய ஊர். மனப்பாடம் செய்ய அவர்களுக்கு அரைமணி நேரம்கூட ஆகவில்லை.

"இவருக்கு நெசமாட்டே கண்ணு கொள்ளாது மக்கா," என்றார் அக்கா. "நான் கரையில நின்னு கையக் காட்டுவேன். வள்ளத்துல நிக்க எல்லாரும் திருப்பிக் காட்டுவாவ. இவரு மட்டும் சும்மா நிப்பாரு. எங்களுக்குள்ள சண்டைன்னு ஊரு நெனச்சுட்டு இருக்கு."

அப்படியானால் இத்தனை வருஷம் எப்படிக் கோல் காத்தார் என்று கேட்டேன். உதைக்கிறவனின் இடுப்பு திரும்புகிற திசையைப் பார்ப்பாராம், பந்தில் கால் படுகிற சத்தத்தைக் கேட்பாராம். மீதியை அவருக்கு முன்னால் நின்று ஆடுகிற மச்சினன் அருள் "எடது", "வலது" என்று கத்திச் சொல்லிவிடுவான். அருள் வாயாடி என்று ஊரே நினைத்திருந்தது. அவன்தான் அவருக்குக் கண்ணாக இருந்திருக்கிறான்.

சூசை அண்ணன் எழுந்து வந்து, என் நோட்டின் மேல் கையை வைத்தார். "இத எழுதிராத மக்கா. தெரிஞ்சா எங்க ஊருகாரனுவளே என்னய மாத்திருவானுவ. இந்த ஒரு ஆட்டத்துக்கு நான் நிக்கணும்."

அவ்வளவு பெரிய மனிதர் என்னிடம் கெஞ்சியதைப் பார்க்க எனக்கு ஒரு மாதிரியாக இருந்தது. எழுதமாட்டேன் என்றேன். ஆனால் கண்ணைச் சரியாகப் பார்க்கவிட வேண்டும், ஞாயிற்றுக்கிழமை கண்ணாடி போட்டுக்கொண்டுதான் நிற்க வேண்டும் என்றும் சொன்னேன். இருபத்திரண்டு வயதில் எனக்கு அதிகாரம் செய்ய நன்றாக வந்தது, இப்போது வீட்டில்கூட வருவதில்லை. சோதனைச் சட்டத்தை மூக்கில் மாட்டி, லென்ஸ்களை மாற்றி மாற்றிப் போட்டேன். மைனஸ் இரண்டே முக்காலில் நிறுத்தி, வாசலுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். கடலைப் பார்த்தபடி நின்றார். பிறகு, "அந்தா போறது பெர்னாண்டு வள்ளம்," என்று தனக்குத்தானே சொன்னார்.

அன்றைக்கே நாகர்கோவில் பஸ் ஏறினேன். கோட்டாறில் லென்ஸ் அறுத்துச் சட்டத்தில் மாட்டிக் கொடுக்கும் பாய் ஒருவர் எங்களுக்கு வழக்கம். செவ்வாய்க்கிழமைக்கு முன்னால் முடியாது என்று நிமிராமலே சொன்னார். கோலிக்கு, ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்கு என்றேன். நிமிர்ந்தார். அதை முதலிலேயே சொல்லியிருக்கக் கூடாதா என்று என்னைத்தான் திட்டினார். உடையாத பிளாஸ்டிக் லென்ஸாகப் போட வேண்டும், பந்து பட்டாலும் கழன்று விழக் கூடாது என்று அவரே யோசித்து, பக்கத்து சைக்கிள் கடையில் பழைய டியூப் வாங்கி வெட்டிப் பின்பட்டையும் செய்தார். ஞாயிறு மத்தியானம் ஸ்கூட்டரில் அவரே கொண்டுவந்துவிட்டார். மூக்கில் உட்காருகிறதா என்று பார்க்க வந்ததாகச் சொன்னார். ஆட்டம் முடிகிற வரைக்கும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சனிக்கிழமை முழுக்க நான் ஊருக்கே மறுபடியும் கண் பார்த்தேன். இந்த முறை பெட்டி கிடையாது. மூன்று கால் உள்ள ஒரு குறி வரைந்த அட்டையைக் கையில் பிடித்து, கால் எந்தப் பக்கம் என்று திருப்பித் திருப்பிக் கேட்டேன். பாதி ஊருக்குக் கண்ணாடி தேவைப்பட்டது. மேலாளர் சென்னைக்கு மறுபடி போன் செய்து, மீனைப் பற்றிச் சொன்னதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். கண்ணுக்கும் ஆட்டத்துக்கும் சம்பந்தமில்லை என்று பாதிரியார் கோயில் மைக்கில் சொன்னார். சூசை அண்ணன் பெயரை நான் யாரிடமும் சொல்லவில்லை.

ஞாயிறு சாயங்காலம். அந்தச் சாயங்காலத்தை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் உடம்பெல்லாம் சந்தோஷம். மைதானம் கடலை ஒட்டிய மணல்தரை. ஒரு பக்கம் வள்ளங்களின் மேல் ஏறி நிற்கிற ஆண்கள், இன்னொரு பக்கம் பாறைகளின் மேல் பெண்கள். சூசை அண்ணன் கறுப்புப் பட்டையோடு கண்ணாடி மாட்டிக்கொண்டு நடந்து வந்தபோது ஊர் அப்படியே அடங்கிவிட்டது. கோலியின் முகத்தில் கண்ணாடியா என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர் போய்க் கம்பங்களுக்கு நடுவில் நின்றார். கலங்கரை விளக்கத்தைப் பார்த்தார், வள்ளங்களைப் பார்த்தார். பாறையில் நின்ற ஃபிலோமினா அக்கா வழக்கம்போலக் கையைக் காட்டினார். சூசை அண்ணன் திருப்பிக் கையைக் காட்டினார். அந்த நேரத்தில் எங்கள் ஒன்பதாம் எண்காரன் உதைத்த பந்து அவருக்கு ஒரு முழம் தள்ளி உள்ளே போனது.

அது ஆரம்பம்தான். அருள் இடது என்று கத்துவான், இவர் கண் வலது என்று சொல்லும், இரண்டுக்கும் நடுவில் பந்து போய்விடும். இடைவேளைக்குள் நாலு கோல். எங்கள் ஆட்டக்காரர்களுக்கே சங்கடமாகி, மெல்ல உதைக்கத் தொடங்கினார்கள். மெல்ல உதைத்ததும் போனது. இடைவேளையில் ஊர்ப் பையன்கள் அவரைச் சுற்றிக்கொண்டார்கள். கண்ணாடியைக் கழற்றுங்கள், இல்லாவிட்டால் வேறு ஆளை நிறுத்துகிறோம் என்றார்கள். அவர் எதற்காக என் நோட்டின் மேல் கை வைத்தாரோ, அதற்கே நான் உலை வைத்துவிட்டேன் என்று தோன்றியது. அவர் பட்டையை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"ஆள மாத்தணும்னா மாத்துங்கலே. கண்ணாடிய நான் கழத்தமாட்டேன்."

பிறகு அருள் போய் அவர் தோளில் தட்டி, இனிமேல் நான் கத்தமாட்டேன் என்று சொன்னானாம். அவரையே நிறுத்தினார்கள். இரண்டாம் பாதியில் இரண்டு பந்தைப் பிடித்தார், இரண்டை விட்டார். நான் கோலுக்குப் பின்னால் நின்று அவரை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன். திடீரென்று அவர் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு ஓடத் தொடங்கினார். எதற்கென்று எனக்குப் புரியவில்லை. அதற்குப் பிறகுதான் ஊரின் சத்தம் எழுந்தது. அந்தப் பக்கத்துக் கோலில் அருள் தலையால் முட்டி ஊருக்காக ஒரு கோல் போட்டிருக்கிறான்.

இருபது வருஷமாக அந்தப் பக்கம் கோல் விழுந்தால் சத்தத்தை வைத்துத்தான் அறிந்திருக்கிறார் சூசை அண்ணன். எல்லாரும் ஓடிய பிறகுதான் ஓடுவார். அன்றைக்குச் சத்தத்துக்கு முன்னால் ஓடினார். மைதானம் முழுக்க ஓடிப்போய் அருளைக் கட்டிப்பிடித்து, பந்து எப்படி வந்தது, நெற்றியில் எங்கே பட்டது, கம்பத்தில் எப்படி இடித்து உள்ளே போனது என்று கோல் போட்டவனுக்கே விளக்கிச் சொன்னார். ஆறுக்கு ஒன்று. ஊர் அன்றைக்கு வெடி போட்டது.

இரண்டே பருவங்களில் அந்தக் கிளப்பை மூடிவிட்டார்கள். மேலாளர் கோயம்புத்தூரில் மோட்டார் பம்பு விற்கிறார், நன்றாக இருக்கிறார். முகாம்களும் போயின. ஒவ்வொரு ஆடியிலும் கடல் கொஞ்சம் கொஞ்சமாக ஏறி மைதானத்தையும் எடுத்துக்கொண்டது. இப்போது அந்த இடத்தில் தடுப்புக்குக் கொட்டிய பாறாங்கல்தான் கிடக்கிறது. இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது சூசை அண்ணனோடு அந்தக் கல்லின் மேல் உட்கார்ந்திருந்தேன். அந்த ஒரு கோலை நான் பார்க்கவே இல்லை, உங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று அப்போதுதான் அவரிடம் சொன்னேன். அவருக்கு என் மேல் மிகவும் இரக்கமாகிவிட்டது. கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்து மாட்டிக்கொண்டு, கடலுக்குள் கையை நீட்டினார்.

"அந்தா, ரெண்டாவது அலை ஒடையுத எடம் இருக்குல்லா, அங்கதான் கோல்போஸ்டு. அருளு அதுக்கு இந்தப் பக்கமா நிக்கான். பாத்துக்கிடு, இப்ப பந்து வரும்."