பின் கேற்றில் நின்றவர்

மச்சாள் ஓட்டப்போட்டிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். அவரை நினைத்தால் முதலில் வருவது அந்தக் காட்சிதான். பின்னால் பிள்ளைகள் இருநூறு மீற்றர் ஓடுகிறார்கள். பள்ளிக்கூட இல்லக் கொட்டகைகளில் தகரம் அடித்துக் கூவுகிறார்கள். மச்சாள் மட்டும் மைதானத்துக்கு முதுகும் சனத்துக்கு முகமுமாக, இடது கையில் மஞ்சள் கைப்பட்டியோடு, உதடு அசைய எண்ணிக்கொண்டு நிற்கிறார். "எத்தினை பேர் மச்சாள்?" என்று ஒருமுறை கேட்டேன். "நூற்றி நாப்பது பேரும் ஒரு ஆடும்" என்றார். ஆடு உண்மையாகவே நின்றது, மதிலோரமாக.

அவர் என் கணவரின் தங்கை. உரும்பிராயில் எங்கள் வீட்டுக்கு இரண்டு ஒழுங்கை தள்ளி இருந்தார். தொண்ணூறுகளின் தொடக்கம் அது. மின்சாரம் இல்லை, பெற்றோல் இல்லை, எந்த நேரமும் குண்டு போடப் பொம்மர் வரலாம். முந்தின ஆண்டு அயலூர்ப் பள்ளிக்கூடம் ஒன்றின் விளையாட்டுப் போட்டியில், பொம்மர் இரைச்சல் கேட்டுச் சனம் ஓடியதில் ஒரு தாய் மிதிபட்டு இறந்துபோனார். குண்டு எங்கும் விழவில்லை. ஆகவே எங்கள் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தில், சனத்தை வழிநடத்தப் பயிற்சி பெற்றுத் தேறிய தொண்டர்கள் இருந்தால்தான் போட்டி என்று அதிபர் சொல்லிவிட்டார். என் மகளுக்கு அப்போது பதினொரு வயது. பின்னேரங்களில் ஒழுங்கையில் ஓடிப் பழகிக்கொண்டிருந்தாள். போட்டியே நடக்கக்கூடாது என்று உள்ளுக்குள் விரும்பிய நான், நடந்தால் அவளுக்குக் கிட்ட நிற்கலாம் என்ற எண்ணத்தில்தான் பெயர் கொடுத்தேன். மச்சாள் தன் காரணத்தைத் தானே சொன்னார்: "வீட்டிலை ஒருத்தரும் என்ரை சொல்லுக் கேக்கினமில்லை. ஆயிரம் பேராவது கேக்கட்டும்."

பயிற்சி தந்தவர் ஓய்வுபெற்ற ஸ்ரேசன் மாஸ்டர். ரயில் ஓடாமல்போன ஊரில் அவருக்கு வேறு வேலை இருக்கவில்லை. ஆறு சனிக்கிழமைகள் எங்களை மைதானத்தில் நிறுத்தி வைத்துப் பழக்கினார். முன் கேற் வீதிக்குத் திறந்தது. அங்கே தலைக்கு மேல் வெறும் வானம். பின் கேற் பனங்காணிக்குத் திறந்தது. அங்கே ஒளிந்துகொள்ளப் பங்கர்கள் வெட்டியிருந்தார்கள். பொம்மர் வந்தால் சனம் பின்னால்தான் போகவேண்டும். ஆனால் பின் கேற்றின் ஒற்றை இரும்புக் கதவு உள்பக்கமாகத் திறப்பது. கீல் சாய்ந்திருந்ததால், கையை விட்டால் தானாகச் சாத்திக்கொள்ளும். அது சாத்திய பிறகு சனம் வந்து நெருக்கினால் பிறகு யாராலும் திறக்க முடியாது. கல் வைத்துப் பார்த்தோம். "கல்லிலை முதலாவது ஆள் தடக்கி விழும், அவருக்கு மேலை நூறு பேர்" என்று மாஸ்டர் அதை எடுத்து எறிந்துவிட்டார். அந்தக் கதவை மதிலோடு சேர்த்து முதுகால் அழுத்திப் பிடிக்க ஒரு ஆள் வேண்டும் என்றார். அந்த இடத்தை எனக்குத் தந்தார். முன் கேற் மச்சாளுக்கு.

"ஓடுங்கோ" என்ற சொல் எங்கள் வாயில் வரக்கூடாது. "நடவுங்கோ" என்றே சொல்லவேண்டும். நின்ற இடத்தை விட்டு அசையக்கூடாது. சனத்துக்குப் பொய் சொல்லக்கூடாது. இந்த மூன்றையும் அவர் ஒவ்வொரு சனியும் சொன்னார். ஒருநாள் மச்சாள் கை உயர்த்தினார்.

"மாஸ்டர், சனத்தைப் பின்னாலை அனுப்புறியள் சரி. சைக்கிளை ஆர் அனுப்புறது?"

எல்லோரும் சிரித்தோம். மாஸ்டரும் சிரித்தார். சைக்கிள்கள் எல்லாம் முன் கேற்றடி வாகை மரத்தின் கீழேதான் நிற்கும். அந்த நாட்களில் ஒரு வீட்டுக்குக் காரும் பஸ்ஸும் அம்புலன்சும் அந்த ஒரு சைக்கிள்தான் என்பது அங்கிருந்த எங்கள் எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் சிரித்தோம்.

சோதனை, தெரிவு ஓட்டங்கள் நடந்த அன்று வந்தது. ஒரு மணித்தியாலம் திரும்பிப் பாராமல் நிற்கவேண்டும். முடிவில் மாஸ்டர் வந்து கேட்பார்: தடியோடு இருந்த ஐயா இப்போது எங்கே, கைக்குழந்தைகள் எத்தனை? மகளின் பெயரை வாசித்ததும் என் கழுத்து தானாகத் திரும்பிவிட்டது. "பிள்ளை, நீர் தாயாய் நிண்டனீர், தொண்டராய் நிக்கேல்லை. அடுத்த கிழமை வாரும்" என்றார் மாஸ்டர். முதல் தடவையே தேறிவிட்ட மச்சாள் அடுத்த கிழமையும் எனக்காக வந்து பக்கத்தில் நின்றார். மகளின் பெயர் கேட்கும்போதெல்லாம், "கழுத்து மச்சாள், கழுத்து!" என்று பல்லுக்குள் உறுக்கினார். அன்று தேறினேன். ஆனால் மாஸ்டர் கையொப்பமிட்ட கடதாசி, போட்டியன்று ஒழுங்காக நின்று காட்டியவர்களுக்குத்தான்.

போட்டியன்று மூன்று மணி இருக்கும். இருநூறு மீற்றர் முடிந்து, என் மகள் மூன்றாவதாக வந்ததைப் பெயர் வாசித்ததில் கேட்டு அறிந்திருந்தேன். அப்போது தெற்கிலிருந்து அந்த இரைச்சல். விசில் ஊதினார்கள். நான் கதவை விரித்து முதுகைக் கொடுத்துவிட்டு, "நடவுங்கோ, இஞ்சாலை நடவுங்கோ" என்று கூப்பிட்டேன். ஒருவரும் வரவில்லை. அவ்வளவு சனமும் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு முன் கேற்றுக்கு, சைக்கிளுக்கு ஓடியது. ஒன்றின் மேல் ஒன்றாகச் சைக்கிள்கள் சரியும் சத்தம் எனக்குக் கேட்டது. பெண்கள் கத்தினார்கள். பிள்ளைகளின் கொட்டகை அந்தப் பக்கம்தான். என் முன்னால் ஒரு ஈ காக்கை இல்லை. வெறும் கேற்றைப் பிடித்துக்கொண்டு எதற்காக நிற்கிறேன் என்று நினைத்தேன். நினைத்து முடிய முதல் என் கால் ஓடிக்கொண்டிருந்தது.

கொட்டகையில் அவள் இல்லை. கதிரைகள் கவிழ்ந்து கிடந்தன. பெயரைச் சொல்லிக் கத்தினேன். என் சத்தத்தை மீறி மச்சாளின் குரல் வந்தது. முன் கேற்றுத் தூணைப் பிடித்துக்கொண்டு, விழுந்த சைக்கிள் ஒன்றின் கரியரில் ஏறி நின்றார். கேற் முழுவதும் ஹாண்டிலும் சில்லுமாக அடைத்துக் கிடந்தது. அதற்குள் இரண்டு பேர் விழுந்திருந்தார்கள்.

"சைக்கிளெல்லாம் பின்னாலை கொண்டு போயாச்சு! உங்கடை சைக்கிள் பின் கேற்றடியிலை நிக்குது! பின்னாலை நடவுங்கோ!"

அப்பட்டமான பொய். ஆனால் சனம் திரும்பியது, நான் விட்டுவிட்டு வந்த கேற்றை நோக்கி. அந்தக் கதவு இப்போது சாத்தியிருக்கும் என்று எனக்கு மட்டும்தான் தெரியும். நெரிசலுக்குள் அகப்பட்டு, இழுபட்டு, கால் நிலத்தில் பாவாமல் போனேன். போய்ச் சேர்ந்தபோது கேற் திறந்திருந்தது. சனம் பனங்காணிக்குள் போய்க்கொண்டிருந்தது. யாரோ ஒரு புண்ணியவான் பிடித்திருக்கிறார் என்று நினைத்தேன். சனம் வடிந்த பிறகு பார்த்தால், மதிலடியில் மகள் வலது கையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். முகம் வெளிறிப்போயிருந்தது. "சனம் நெருக்கிப் போட்டுது அம்மா" என்றாள். பொம்மர் இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டுக் கடல் பக்கம் போய்விட்டது.

திங்கட்கிழமை விசாரித்தார்கள். இறந்தவர் யாரும் இல்லை. பின் கேற்றில் யார் நின்றது என்று மாஸ்டர் கேட்டபோது நான் வாயைத் திறக்கமுதல் மச்சாள் சொன்னார்: "என்ரை மச்சாள்தான். அவ அசையேல்லை. அசைஞ்சிருந்தால் இண்டைக்கு எத்தினை செத்தவீடு?" அவர் அதை உண்மையென்றே நம்பினார். மாஸ்டர் எனக்குக் கடதாசி தந்தார். சனத்துக்குப் பொய் சொன்னதற்காக மச்சாளின் கைப்பட்டியை வாங்கிக்கொண்டார். கொடுக்கும்போது மச்சாள், "வைச்சிருங்கோ மாஸ்டர், மஞ்சள் நிறம் எனக்கு எடுக்காது" என்று சிரித்தார். வீட்டுக்கு வரும் வழியில் சைக்கிளை உருட்டிக்கொண்டு சொன்னார்:

"நீர் அங்கை நிப்பீர் எண்டு நம்பித்தான் அந்தப் பொய்யைச் சொன்னனான்."

ஒழுங்கை முடியும்வரை எனக்கு அவகாசம் இருந்தது. நான் சொல்லவில்லை. மகளின் முழங்கைக்கு முறிவு வைத்தியம் பார்க்கும் பரியாரியாரிடம் மூன்று மாதம் பத்துப் போட்டோம். அது இன்றுவரை முழுதாக நிமிரவில்லை. கையைப் பார்க்க வரும்போதெல்லாம் மச்சாள் அந்தக் கதையைச் சொல்வார். நான் தேத்தண்ணி போட எழுந்து போவேன். இரண்டு வருஷத்துக்கு முன் வருத்தம் வந்து கண்ணை மூடும்வரை அவர் அதை நம்பிக்கொண்டுதான் இருந்தார்.

போன கிழமை மகள் திறந்தவெளி இசை நிகழ்ச்சி ஒன்றுக்கு வெளிக்கிட்டாள். அவளுக்கு இப்போது இருபத்துமூன்று வயது. போகவேண்டாம் என்றேன்.

"இப்பதான் பொம்மர் இல்லையே அம்மா."

"பொம்மர் அண்டைக்கும் ஒண்டும் செய்யேல்லை" என்றேன். பிறகு எப்படியோ சொல்லிவிட்டேன்: "நான் அண்டைக்குக் கேற்றிலை நிக்கேல்லை."

அவள் தலை வாரிக்கொண்டிருந்தாள். "தெரியும்" என்றாள்.

"ஆர் சொன்னது?"

"ஆர் சொல்லவேணும்? நான் உங்களிட்டைத்தான் ஓடி வந்தனான். நீங்கள் இல்லை. கதவு சாத்துப்படப் பாத்துது. நீங்கள் வருமட்டும் பிடிப்பம் எண்டு மதில் பக்கமாய் நிண்டு இழுத்துப் பிடிச்சனான். பிறகு சனம் வந்திட்டுது."

கதவுக்கும் மதிலுக்கும் நடுவே ஒரு பதினொரு வயதுப் பிள்ளை. அவ்வளவு சனம் கடந்து போய் ஒருவர் கண்ணிலும் படவில்லை.

"ஏனடி எனக்குச் சொல்லேல்லை?"

"சொல்லத்தான் இருந்தனான். மாமி வந்து, நீங்கள் நிண்டபடியால்தான் எல்லாரும் தப்பினதெண்டு சொன்னா. அவ அப்பிடிச் சந்தோசமாய்ச் சொல்லேக்கை நான் என்னெண்டு சொல்லுறது?"

சீப்பை வைத்துவிட்டுச் செருப்பைப் போட்டாள். "எத்தினை வாசல் எண்டு பாத்திட்டு இரு" என்று மட்டும் சொன்னேன்.

"ஓம் அம்மா" என்றாள்.