எட்டு வீடுகளில் மட்டும் இருந்த பெயர்

அந்தப் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. இரகசியம் ஒன்றுமில்லை. சுவிஸ் முழுவதிலும் எட்டு வீட்டு வாசல்களில்தான் அது இருந்தது. எழுதினால் நாளைக்கே உங்களில் யாராவது போய் மணியை அடித்து, "நீங்கள்தானோ அவர்?" என்று கேட்பீர்கள். எங்கள் சனத்தை எனக்குத் தெரியாதா?

பாசலில் நான் செய்வது வீடு வீடாகப் போய் முதியவர்களைப் பார்க்கும் வேலை. காலை ஏழேகாலுக்கு டிராமை விட்டிறங்கி முதலில் போவது அந்தப் பெயருக்குரிய பெரியவரிடம். எண்பத்து நான்கு வயது. மனைவி போய்விட்டார், பிள்ளைகள் இல்லை. கால் வீங்காமலிருக்க இறுக்கமான காலுறை போட்டுவிட வேண்டும். அது லேசான காரியமில்லை. நான் முழங்காலில் நின்று மூச்சுப் பிடித்து இழுக்க, அவர் கதிரையில் இருந்துகொண்டு கதை சொல்லுவார். எனக்கு ஓடவும் முடியாது, காதைப் பொத்தவும் முடியாது, இரண்டு கையும் அவருடைய காலில். அப்படித்தான் ஒரு ஜெர்மன் குடும்பப் பெயரின் முழு வரலாறும் என் தலைக்குள் ஏறியது.

அவர் கதைத்தது பாசல் ஜெர்மன். நானும் அதில்தான் பதில் சொன்னேன். ஆனால் நினைத்துப் பார்க்கும்போது எல்லாம் எங்கள் தமிழில்தான் எனக்குக் கேட்கிறது. ஆகவே இதில் அவர் கொஞ்சம் யாழ்ப்பாணத்தாராக இருப்பார், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கிழக்குச் சுவிஸில் வில் என்ற நகரத்துக்கு மேலே ஈரம் கசிகிற ஒரு சரிவு. அந்தச் சரிவுக்கு ஒரு பெயர். அதில் கட்டிய பண்ணை வீட்டுக்கும் அதே பெயர், அங்கே பிறந்தவர்களுக்கும் அதே பெயர். பிறகு ஆட்கள் வேலை தேடிக் கீழே இறங்கினார்கள், பெயரும் கூடவே இறங்கியது. இன்றைக்கு அங்கே வீடு இல்லை. மாடும் மின்கம்பி வேலியும்தான். ஆனால் சுவிஸ் பாஸ்போர்ட்டில் பிறந்த இடத்தை எழுதமாட்டார்கள், வேர் எங்கேயோ அந்த ஊரைத்தான் எழுதுவார்கள். பெரியவர் பிறந்தது பாசல், வளர்ந்தது பாசல், பாஸ்போர்ட்டில் மட்டும் அந்தச் சரிவிருக்கும் ஊர்.

"எத்தினை தரம் அங்க போயிருக்கிறியள்?" என்று கேட்டேன்.

"ரெண்டு தரம்."

"ரெண்டு தரம் போன இடம் உங்கட ஊரோ? நல்ல பகிடி."

"நீங்கள் உங்கட ஊருக்குப் போய் எத்தினை வருசம்?"

தேவையா எனக்கு? வாயைக் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொண்டு மற்றக் காலுறையை எடுத்தேன்.

அவரிடம் ஒரு சாம்பல் நிறக் கோப்பு இருந்தது. தடித்தது, இரண்டு கையாலும் தூக்க வேண்டும். பெரியவர் ஒரு இரசாயனத் தொழிற்சாலையின் ஆய்வுகூடத்தில் குப்பிகளுக்கு லேபல் எழுதிய மனுசன், கையெழுத்து அச்சுப் போலிருக்கும். ஓய்வு பெற்ற நாளிலிருந்து தேவாலயப் பதிவுகள், மடத்துப் பதிவுகள் என்று தேடித் தேடி அந்தக் கோப்பை நிரப்பியிருந்தார். அந்தப் பெயரோடு கடதாசியில் முதன்முதல் அகப்படுகிற ஆள், மடத்துப் புல்வெளியில் தன் ஆடுகளை மேயவிட்டுப் பிடிபட்டவர்.

"அப்ப உங்கட பரம்பரை களவிலதான் தொடங்கியிருக்கு," என்றேன்.

"களவில்லை. ஆடுகள் தானாய்ப் போனது."

"பிடிபட்ட எல்லாரும் அப்பிடித்தான் சொல்லுறவை."

பெரியவர் விடுகிற ஆளில்லை. "உங்கட குடும்பப் பேர் எவ்வளவு பழசு?" என்று கேட்டார்.

"முப்பத்தைஞ்சு வருசம்."

அவருக்கு விளங்கவில்லை. அகதி முகாமில் குடும்பப் பெயர் என்ன என்று கேட்டபோது, அப்படி ஒன்று எங்களிடம் இல்லாததால் என் கணவர் தன் தகப்பன் பெயரை எழுதிக் கொடுத்த கதையைச் சொன்னேன். "அந்தாள் என்ர மாமனார். என்ர குடும்பப் பேருக்கு நானே தேத்தண்ணி ஊத்திக் குடுத்திருக்கிறன். சீனி காணாது எண்டு என்ர குடும்பப் பேர் என்னை ஏசியுமிருக்கு." பெரியவர் சிரித்த சிரிப்பில் கால் ஆடி, பாதி ஏறின காலுறை திரும்ப இறங்கிவிட்டது. முதலில் இருந்து தொடங்க வேண்டியதாயிற்று.

ஒருநாள் அவர் சிரிக்கவில்லை. மாரடைப்பு வந்து ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டு வந்த கிழமை அது. கோப்பு மடியில் இருந்தது.

"நான் செத்தால் இது நீலப் பைக்குள்ள போகும்," என்றார். பாசலில் குப்பை போடுகிற பைக்கு நீல நிறம். "வீடு காலி பண்ண வாற ஆக்களுக்கு இது வெறும் கடதாசி. இந்தப் பேர் உள்ள ஒரு இளம் ஆளிட்டக் குடுத்திட்டால் நான் நிம்மதியாய்ப் போவன்."

"விசர்க் கதை கதையாதையுங்கோ," என்று அதட்டினேன். ஆனால் வீட்டுக்குப் போகும்போது டிராமில் அதே நினைவாக இருந்தது. அந்த மனுசனுக்கு வேறொன்றும் வேண்டியிருக்கவில்லை, ஒரு ஆள் வேண்டியிருந்தது.

தொலைபேசிப் புத்தகத்தில் தேடினோம். அவரோடு சேர்த்து எட்டு வீடுகள். மற்ற ஏழுக்கும் தன் கையால் கடிதம் எழுதினார், தபாலில் போட்டவள் நான். இரண்டு கடிதம் ஆள் இல்லை என்று திரும்பி வந்தது. ஒரு வீட்டில் கணவர் இறந்துவிட்டதாக மனைவி எழுதியிருந்தார். ஒருவர், அன்புக்கு நன்றி, ஆர்வமில்லை என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். இரண்டு வீட்டிலிருந்து மூச்சுப் பேச்சில்லை. ஏழாவது இன்டர்லாக்கன். அங்கேயிருந்து ஒரு பெண் தொலைபேசி எடுத்து, கடிதத்தில் பதில் சொல்வது சரியில்லை, ஞாயிற்றுக்கிழமை நேரே வருகிறேன் என்று சொன்னாளாம்.

பெரியவருக்குக் கால் நிலத்தில் இல்லை. "சுத்தமான மலைநாட்டுப் பேச்சு. குரலைக் கேட்டாலே தெரியுது, எங்கட இரத்தம்!" என்றார்.

"குரலில இரத்தம் தெரியுமோ? ஆய்வுகூடத்தில படிச்சதோ?"

"நீங்களும் வாங்கோ. எனக்குத் தனியப் பயமாக் கிடக்கு."

எனக்கு அன்றைக்கு லீவு. இருந்தாலும் விடியவே எழும்பி ரோல்ஸ் பொரித்துக்கொண்டு போனேன். பெரியவர் கழுத்துப்பட்டி கட்டி, கேக் வாங்கி, பொம்பிளை பார்க்க ஆட்கள் வரப்போகிற வீடு மாதிரி கதிரைகளை நேராக்கிக்கொண்டிருந்தார். மணி அடித்தது. கதவைத் திறந்தது நான்தான்.

வாசலில் எங்கள் பிள்ளை ஒருத்தி நின்றாள். முப்பத்தைந்து வயதிருக்கும், நெற்றியில் சின்னப் பொட்டு.

இரண்டு பேரும் ஆளை ஆள் பார்த்து முழுசினோம். பிறகு என் வாய் தன் வேலையைப் பார்த்தது. "பிள்ளை எந்த இடம்?"

"இன்டர்லாக்கன் அக்கா."

"அது தெரியும். ஊரில?"

"அம்மா அப்பா மட்டக்களப்பு. நான் பிறந்தது இஞ்சதான்."

அன்ரி என்னாமல் அக்கா என்றதிலேயே எனக்கு அவளைப் பிடித்துப்போயிற்று. பின்னால் பெரியவர் நின்றார். உள்ளதைச் சொல்ல வேண்டும், ஒரு கணம் அவருடைய முகம் வெறுமையாகத்தான் போனது. பிறகு இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு வந்தார். "உங்கட இரத்தம் நல்லாத்தான் கறுத்திருக்கு," என்று காதுக்குள் சொன்னேன். "சும்மா இருங்கோ," என்றார், ஆனால் சிரித்துவிட்டார்.

அவள் ஒரு ஹோட்டல் குசினியில் பொறுப்பாக இருக்கிறாள். அந்தப் பெயருள்ள ஒருவரைக் கட்டி, எட்டு வயதில் ஒரு மகள். கல்யாணம் முறிந்து மூன்று வருடம். பெயர் மட்டும் இரண்டு பேரோடும் தங்கிவிட்டது. மகள் என்றதும் பெரியவருக்கு முகம் மலர்ந்தது. "பாஸ்போர்ட்டில என்ன ஊர்?" என்று கேட்டார். அவள் அந்தச் சரிவிருக்கும் ஊரைச் சொன்னாள்.

"அப்ப அவ எங்கட பிள்ளை!" என்று கதிரைக் கையில் அடித்தார். கோப்பை எடுத்துவர உள்ளே போனார், அந்த வயதில் அவ்வளவு வேகமாக நான் பார்த்ததில்லை.

அவர் அங்கால் போனதும் அவள் என் கையைப் பிடித்தாள். "அக்கா, நான் இவரிட்ட எப்பிடிச் சொல்லுறது? நான் அந்தப் பேரை மாத்தப்போறன். எனக்கும் பிள்ளைக்கும். அதைச் சொல்லத்தான் வந்தனான்."

எனக்குக் கொதி வந்தது. "உனக்கென்ன விசரோ? அந்த மனுசன் கேக் வாங்கி வச்சுக்கொண்டு நிக்குது. வாயைத் திறக்காத. கோப்பை வாங்கிக்கொண்டு போ, பிறகு என்னவும் செய்."

"பொய் சொல்லி வாங்கச் சொல்லுறீங்களா?"

"ஓம், சொல்லுறன். செத்துப்போற மனுசனுக்கு ஒரு பொய் சொன்னால் குறைஞ்சே போவாய்?"

அதற்குள் பெரியவர் கோப்போடு வந்து நின்றார். எனக்குக் கோபத்தில் நாக்கு நிற்கவில்லை. அவள் மறுத்துச் சொல்ல, நான் திருப்பிச் சொல்ல, தமிழுக்கு நடுவே அவருடைய பெயரும் இரண்டு மூன்று தரம் வந்துபோனது.

"என்ன கதைக்கிறியள்?"

"ரோல்ஸ் உறைக்குமோ எண்டு கேக்கிறா," என்றேன்.

"உறைப்புக்கும் என்ர பேருக்கும் என்ன சம்பந்தம்?"

பழமும் தின்று கொட்டையும் போட்ட மனுசனிடம் மறைக்க முடியுமா? அவள் தலையை நிமிர்த்தி, அவருடைய மொழியில் எல்லாவற்றையும் சொன்னாள். தன் பெயரை மாற்றுவது லேசாம், விவாகரத்து ஆனவள் போய்ச் சொன்னால் போதுமாம். பிள்ளையினுடையதற்குத்தான் விண்ணப்பம் போட்டு, காரணம் எழுத வேண்டுமாம். தகப்பன் சம்மதித்துவிட்டாராம்.

பெரியவர் கோப்பை மேசையில் வைத்தார். "ஏன்?" என்று மட்டும் கேட்டார்.

"இந்தப் பேர் வேற ஒருத்தருக்கும் இல்லை," என்றாள் அவள். "அதுதான் கரைச்சல். டொக்டரிட்ட இருக்கேக்க உள்ள இருந்து பேரைக் கூப்பிடுவினம். பள்ளிக்கூடத்திலயும் கூப்பிடுவினம். கூப்பிடுறது தன்னைத்தான் எண்டு அவளுக்கு விளங்குறதில்லை. இந்தப் பேர் கேட்டால் அப்பா வந்திட்டார் எண்டுதான் நினைப்பாள். ஒவ்வொரு தரமும் கதவைத்தான் திரும்பிப் பாக்கிறாள். மூண்டு வருசமாய் அவர் வரேல்லை."

நான் அவளை ஏசினதற்கு என் நாக்கை வெட்டிப்போடலாம் என்றிருந்தது. நானும் ஒரு பிள்ளை பெற்றவள்தானே.

பெரியவர் கோப்பை ஒரு பக்கம் தள்ளி வைத்தார். பிறகு, "காரணம் எழுதிட்டீங்களோ?" என்று கேட்டார்.

அவள் கைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்தாள். நாக்கில் சுவிஸ் ஜெர்மன் எவ்வளவு நன்றாக ஓடினாலும், அலுவலகத்துக்கு எழுதுகிற ஜெர்மன் வேறு சாதி. நாலு வரி எழுதி, மூன்றை வெட்டியிருந்தாள். பெரியவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தார். "இது காணாது. இதை வாசிச்சால் நிராகரிச்சுப்போடுவினம்," என்று சொல்லி, வெறுந்தாள் ஒன்றை எடுத்து எழுதத் தொடங்கினார்.

எனக்கு நம்ப முடியவில்லை. "என்ன செய்யிறியள்?" என்றேன்.

"தேத்தண்ணி போடுங்கோ," என்றார், நிமிராமல்.

ஒரு மணித்தியாலம் எழுதினார். பெயர் எங்கேயிருந்து வந்தது, எவ்வளவு அரிது, அரிதாக இருப்பதாலேயே இந்தப் பிள்ளைக்கு அது எவ்வளவு பாரம் என்று ஒழுங்காக எழுதினார். தன் பெயரைக் கழற்றிவிடச் சொல்லி அவ்வளவு நல்ல ஜெர்மன். இனி வரப்போகிற பெயரை எழுதும் இடத்தில் நிறுத்தி, அவளுடைய அப்பாவின் பெயரை எழுத்தெழுத்தாகச் சொல்லச் சொன்னார். நீளமான மட்டக்களப்புப் பெயர். எழுதி முடித்து வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தார், பிழை. திரும்பச் சொன்னார், பிழை. சரியாக வரும்வரை விடவில்லை.

அவள் தாளை வாங்கி வாசித்துவிட்டு அழுதாள். பிறகு கோப்பைத் தன் பக்கம் இழுத்தாள். "இது எனக்கு வேணும்," என்றாள். "பேர்தான் வேண்டாம். அவள் வளர்ந்தாப் பிறகு அந்தப் பக்கத்து ஆக்கள் ஆர் எண்டு கேப்பாள், என்னட்ட வேற ஒண்டும் இல்லை." பெரியவர் ஆட்டுக்காரன் இருந்த பக்கத்தைத் திறந்து, "இதை முதல் காட்டாதையுங்கோ," என்று சொன்னார். நான் சிரித்தேனோ அழுதேனோ தெரியாது, இரண்டும் ஒன்றாகத்தான் வந்தது.

தாளை மடிக்கப்போன அவளை மறித்து, "பொறுங்கோ, இன்னும் முடியேல்லை," என்றார். அடியில் மிச்சமிருந்த இடத்தில், 'இப்பெயரைக் கொண்ட குடும்பத்தின் சார்பில், ஆட்சேபனை இல்லை' என்று எழுதினார். அலுவலகத்தில் யாரும் அப்படி ஒரு வரியைக் கேட்கவில்லை, அது செல்லாது என்பது எங்கள் மூன்று பேருக்கும் தெரியும். பதில் எழுதாத வீடுகளுக்கும் சேர்த்துத் தன் பெயரை முழுதாக எழுதிக் கையெழுத்து வைத்தார்.