இரண்டு விரல் இறக்கம்

என் மனைவி நோயில் இளைத்துக்கொண்டு வருகிறாள் என்பதை முதலில் தெரிந்துகொண்டது எங்கள் மோட்டார் சைக்கிளின் சைட்கார்தான். அது மாதக்கணக்காக என்னிடம் சொல்லிக்கொண்டே இருந்தது. நான் அதை வண்டியின் கோளாறு என்று நினைத்து, ஸ்பேனரை எடுத்து அதன் வாயை அடைத்தேன். இதை எழுத உட்கார்ந்தாலே எனக்கு என்மேல் ஆத்திரம் வருகிறது.

நாங்கள் இருவரும் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர்கள். எழுபதுகளில் அந்தத் தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றபோது லயத்து வீட்டைக் காலி செய்துகொண்டு ஈப்போ பக்கம் ஜெலாப்பாங் வந்தோம். அங்கே ஒரு சீனரின் லாரிப் பட்டறையில் எனக்கு வேலை. பிள்ளை குட்டி இல்லை. வீட்டில் நானும் அவளும், தோட்டத்திலிருந்து பிடிவாதமாக லாரியில் ஏற்றிக்கொண்டு வந்த அவளுடைய அம்மியும்தான்.

அவள் நல்ல பருமன். தோட்டத்தில் இரண்டு வாளிப் பாலைத் தூக்கிக்கொண்டு மேடு ஏறுவாள், மூச்சு வாங்காது. மோட்டாரின் பின்சீட்டுக்கு மட்டும் பயம். ஒருமுறை கோலா கங்சார் போகும் வழியில் முந்தானை சக்கரத்தில் சுற்றிக்கொண்டு விழப் பார்த்தாள். அதோடு சரி. "நீங்க மோட்டார்ல போங்க, நான் பஸ்ல வாரேன்" என்றுவிட்டாள். தைப்பிங்கில் இருந்த அவளுடைய அக்காவைப் பார்க்க அவள் பஸ்ஸிலும், பஸ்ஸுக்குப் பின்னால் புகையைக் குடித்துக்கொண்டு நான் மோட்டாரிலும் போன கூத்தெல்லாம் உண்டு. ஊர் சுற்றுவது என்றால் அவளுக்கு உயிர். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருந்தால் எதையோ பறிகொடுத்த மாதிரி இருப்பாள்.

அவளுக்காகத்தான் சைட்கார் கட்டினேன். ரொட்டிக்காரர்கள் மோட்டாருக்கு இடப்பக்கம் ஒரு சக்கரம் சேர்த்துப் பெட்டி வைத்து ஓட்டுவார்களே, அந்த மாதிரிச் சட்டம்தான். பெட்டி இருக்கும் இடத்தில் ஒரு சீட், மேலே கித்தான் கூரை. பூஜை போட வந்த பூசாரி பழக்க தோஷத்தில் இரண்டு எலுமிச்சம்பழம்தான் கொண்டுவந்திருந்தார். அவள் உள்ளே போய் இன்னொன்று எடுத்துவந்து, சைட்கார் சக்கரத்தின் அடியில் தானே குனிந்து வைத்தாள்.

"இது என் சக்கரம். நான்தான் வைப்பேன்" என்றாள்.

முதல் பயணத்திலேயே அவள் இடுப்பு கழன்றுவிட்டது. ஸ்பிரிங் என்று பெயருக்குத்தான் ஏதோ வைத்திருந்தேன். அதைக் கழற்றி வீசிவிட்டு, பழைய காரிலிருந்து பட்டை ஸ்பிரிங் எடுத்துப் போட்டேன். குலுக்கல் குறைந்தது, ஆனால் ஒவ்வொரு பள்ளத்திலும் ஊஞ்சல் ஆடியது. அவள் வாந்தி எடுத்தாள். கடைசியில் சுருள் ஸ்பிரிங், அதற்குள் ஆட்டத்தை அடக்க ஒரு அப்சோர்பர் என்று வைத்தேன். மோட்டாரின் முன்பக்கத்து ஃபோர்க்கில் கெட்டி எண்ணெய் ஊற்றினேன், பின்பக்க ஸ்பிரிங்குகளையும் மாற்றினேன். பட்டறை முதலாளி, தௌக்கே என்போம், தோட்டத்துப் பிள்ளைகளோடு வளர்ந்தவர், தமிழ் பேசுவார்.

"அண்ணே, உன் பொண்டாட்டி ஏறுனா லாரி ஸ்பிரிங்தான் தாங்கும்லா" என்று கிண்டல் செய்தார். அதை அவளிடம் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தாள்.

மூன்று சக்கர வண்டியில் இடது வளைவுதான் எமன். சைட்காரில் பாரம் போதாவிட்டால் வளைவில் அந்தச் சக்கரம் தரையை விட்டுக் கிளம்பிவிடும். அதனால் நான் ஒரு கணக்கு வைத்திருந்தேன். அவள் ஏறி உட்கார்ந்ததும் அப்சோர்பரின் தண்டு என் விரலால் இரண்டு விரல் இறங்க வேண்டும். குறைந்தால் குலுக்கும், சக்கரமும் தூக்கும். கூடினால் அடியில் போய் இடிக்கும். அந்த இடத்தில் வெள்ளைப் பெயிண்டால் கோடு போட்டு வைத்தேன். ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் குனிந்து விரல் வைத்துப் பார்ப்பேன். அவளும் அசையாமல் உட்கார்ந்திருப்பாள், போட்டோ எடுப்பது மாதிரி.

அப்படியே சில வருஷம் சுற்றினோம். கோலா கங்சார் ஆற்றங்கரை, தைப்பிங் மழை, வழியில் எங்கே லக்சா நூடுல்ஸ் கடை கண்டாலும் ஒரு நிறுத்தம். எங்களைப் போலச் சுற்றியவர்கள் அந்தத் தெருவில் யாரும் இல்லை.

ஒரு தீபாவளி முடிந்து கொஞ்ச நாளில், தைப்பிங் ரோட்டில் ஒரு இடது வளைவில் சைட்கார் சக்கரம் தூக்கியது. வீட்டுக்கு வந்து விரல் வைத்துப் பார்த்தேன். ஒன்றரை விரல்தான் இறங்கியிருந்தது. ஸ்பிரிங் துருவேறி இறுகிவிட்டது என்று முடிவுகட்டினேன்.

ஸ்பிரிங் நாளாக நாளாகத் தளரும், இறுகாது. பட்டறையில் கூட்டிப் பெருக்குகிறவனுக்குக்கூட அது தெரியும். தௌக்கேயிடம் இளகலான ஸ்பிரிங் ஒன்று கேட்டபோது அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"ஸ்பிரிங் எங்கயாச்சும் கெட்டியாகுமா அண்ணே? நல்லா பாருலா. வேற என்னமோ இருக்கு."

எனக்குச் சுர்ரென்று வந்துவிட்டது. என் வண்டியைப் பற்றி எனக்குத் தெரியாதா என்று வெடுக்கென்று கேட்டேன். அவர் ஸ்பிரிங்கை எடுத்துக் கொடுத்தார். போட்டதும் இரண்டு விரல் இறங்கியது. நான் சொன்னதுதானே சரி என்று அவரிடம் போய்ப் பீற்றிக்கொள்ளவும் செய்தேன்.

நான்கு மாதத்தில் மறுபடியும் ஒன்றரை விரல். அதையும் கழற்றி இன்னும் இளகலாக ஒன்று போட்டேன். அந்த நாட்களில் அவள் ரவிக்கைகளைப் பிடித்துத் தைத்துக்கொண்டிருந்தாள். சோற்றைப் பிசைந்துவிட்டு அப்படியே வைத்துவிடுவாள். கேட்டால் "வயிறு மந்தமா இருக்கு" என்பாள். "அடேயப்பா, கொமரிப்புள்ள மாதிரி ஆயிட்டே" என்று நான் கேலி செய்தேன். அந்த வார்த்தையைத் திரும்ப எடுத்துக்கொள்ள முடிந்தால் எதை வேண்டுமானாலும் கொடுப்பேன்.

மூன்றாவது முறையும் தண்டு கோட்டுக்கு மேலேயே நின்றபோது வண்டியைப் பிரித்துப் போட்டுவிட்டேன். இரண்டு ஞாயிற்றுக்கிழமை அதிலேயே போனது. அவள் வாசலில் வந்து நின்றாள்.

"என்னங்க, அக்காவைப் பார்த்து மூணு மாசமாச்சு. இன்னிக்காச்சும் போலாமா?"

"சக்கரம் தூக்குது. உன்னைக் கூட்டிக்கிட்டுப் போயி கவுக்கச் சொல்றியா? சரியாகாம நான் எடுக்க மாட்டேன்."

அவள் உள்ளே போனாள்.

அடுத்த ஞாயிறு காலை நான் குளித்துவிட்டு வருவதற்குள் அவள் தயாராகி சைட்காரில் ஏறி உட்கார்ந்திருந்தாள். கால்மேல் ஒரு போர்வை. குளிருகிறது என்றாள். "விரல் வச்சுப் பாருங்க" என்றாள். பார்த்தேன். மயிரிழை பிசகாமல் இரண்டு விரல். எனக்குத் தலைகால் புரியவில்லை. நான் பிரித்து மாட்டியதில்தான் எங்கோ சரியாகிவிட்டது என்று நினைத்தேன். தைப்பிங் வரை ஒரு வளைவிலும் சக்கரம் எழவில்லை. வழியெல்லாம் திரும்பித் திரும்பி அவளிடம் என் கைவேலையைப் பற்றியே கத்திக்கொண்டு வந்தேன்.

"ஆமாங்க, குலுக்கவே இல்லை" என்றாள்.

தைப்பிங்கில் அக்கா கதவைத் திறந்தார். தங்கையைப் பார்த்தார். கையிலிருந்த தட்டைக் கீழே வைத்துவிட்டு அழ ஆரம்பித்தார்.

"என்னடி இது, பாதி ஆளாயிட்டே" என்று அவள் தோளைத் தடவினார். பிறகு என்னைப் பார்த்தார். "கூடவேதானே இருக்கீங்க தம்பி. கண்ணு தெரியலையா?"

மறுநாள் ஈப்போவில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். வயிற்றில் கட்டி. டாக்டர் எழுதிக்கொண்டே கேட்டார், எத்தனை மாதமாக இளைத்துக்கொண்டு வருகிறார்கள் என்று. தெரியாது என்று சொல்ல வாயெடுத்தேன். அப்போதுதான் எனக்கு உறைத்தது. எனக்குத் தெரியும். உலகத்தில் வேறு எந்தப் புருஷனுக்கும் தெரியாத அளவுக்குத் துல்லியமாகத் தெரியும்.

"போன தீபாவளிக்கு அப்புறம் அரை விரல் குறைஞ்சது சார். நாலு மாசத்துல இன்னொரு அரை விரல், அதுக்கப்புறம் இன்னும் கொஞ்சம்" என்றேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. முன்பே வந்திருந்தால் அறுத்து எடுத்திருக்கலாம் என்று மட்டும் மெதுவாகச் சொன்னார்.

அவள் அடுத்த தைப்பூசத்தைப் பார்க்கவில்லை.

காரியமெல்லாம் முடிந்தபின், அவளுடைய சேலைகளை அக்காவிடம் கொடுத்துவிட்டு வரலாம் என்று வண்டியருகே போனேன். அவளைக் கடைசியாக ஆஸ்பத்திரியில் சேர்த்த நாளிலிருந்து அதை நான் தொடவில்லை. கை பழக்கத்தில் குனிந்து விரல் வைத்தது. யாரும் உட்காராத சைட்கார் அரை விரல் இறங்கி நின்றது.

கால் வைக்கும் இடத்தில் கிடந்த சாக்கைத் தூக்கினேன். என்னுடைய பழைய கைலியில் சுற்றி, உருளாமல் இருக்க இரண்டு பக்கமும் செங்கல் அண்டக்கொடுத்து, எங்கள் அம்மியின் குழவி இருந்தது.

கடைசி மாதங்களில் குழம்பில் கடைத்தூள் வாடை அடித்தது நினைவுக்கு வந்தது. நான் முகம் சுளித்திருக்கிறேன். "மிஷின்ல அரைச்ச தூளுதான் இப்ப எனக்குச் சௌகரியம்" என்று சொல்லியிருக்கிறாள். பின்பக்கம் போய் அம்மியைப் பார்த்தேன். வெறுங்கல் மட்டும் கிடந்தது. நான் தினமும் அதைத் தாண்டித்தான் குளிக்கப் போயிருக்கிறேன்.

தன் உடம்பிலிருந்து எவ்வளவு போயிருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. அக்காவை ஒருமுறை பார்த்துவிட வேண்டும், பஸ்ஸில் நெரிபட உடம்பு தாங்காது, அதற்கு நான் வண்டியை எடுக்க வேண்டும், அதற்கு இரண்டு விரல் இறங்க வேண்டும். அந்த நிலையில் அவள் அந்தக் கல்லை எப்படித் தூக்கிவந்தாள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

குழவியை வெளியே எடுத்து வைத்துவிட்டு சேலை மூட்டையை மட்டும் சீட்டில் கட்டிக்கொண்டு கிளம்பினேன். தெருமுனையில் இடப்பக்கம் திரும்பும்போதே அவள் சக்கரம் எழும்பிவிட்டது. வண்டியை ஓரமாக நிறுத்தி, போகிறவர் வருகிறவர் பார்க்க, அழுதேன். பிறகு வீட்டுக்குத் திரும்பி வந்து குழவியை எடுத்து அவள் உட்காரும் இடத்திலேயே வைத்தேன்.