கனகவல்லி மேடம் திறக்காத உறை

கனகவல்லி மேடம் போய்விட்ட செய்தி நம் மனிதவள அதிகாரிகளின் வாட்ஸ்அப் குழுவில், ஓவர்டைம் பற்றிய ஒரு சுற்றறிக்கைக்கும் யாரோ அனுப்பிய காலை வணக்கப் பூவுக்கும் நடுவில் வந்தது. மாரடைப்பாம். ஐந்து நிமிடத்தில் திரை முழுக்கக் கும்பிட்ட கைகள். 'என்றும் புன்னகை மாறாத முகம்' என்று நம்மில் ஒருவர் எழுதினார். நண்பர்களே, அந்த அம்மா நம்மைப் பார்த்து ஒருநாளும் சிரித்ததில்லை. செத்த பிறகும் அவர் விஷயத்தில் நாம் பொய்தான் எழுதுகிறோம்.

பொங்கலூர்க்காரர். கல்லூரியில் உளவியல் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். தொழிலாளர்களின் மனநலத்துக்கு ஓர் ஆலோசகர் வேண்டும் என்று எங்களிடம் துணி வாங்கும் வெளிநாட்டுப் பையர் சொன்னதால், மண்ணரை என்ற ஊரில் இருக்கும் எங்கள் பனியன் கம்பெனிக்கு மாதம் இரண்டு நாள் வந்தார். முதல் நாளே ஒரு கேள்வித்தாள் கொண்டு வந்தார். பல நாடுகளில் சோதித்துப் பார்த்ததாம். தூக்கம் கெடுகிறதா, அழுகை வருகிறதா என்று நீளமான பட்டியல்.

எங்களுக்குக் கேள்வித்தாள் என்றால் பையர் ஆள் அனுப்பிச் சோதிக்கும் ஆடிட்தான். ஆடிட்டர் என்ன கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று ஆட்களை ஒப்பிக்க வைத்துப் பழகியவர்கள் நாம். அந்தப் பழக்கத்தில் நான் மைக்கைப் பிடித்து, "எல்லாரும் மொதக் கட்டத்துல டிக் அடிங்க" என்றேன். முதல் கட்டம் 'ஒருபோதும் இல்லை'. அழுகை வருமா? ஒருபோதும் இல்லை. நடுவில், மனம்விட்டுச் சிரிக்கிறீர்களா என்றும் ஒரு கேள்வி இருந்ததை நான் கவனிக்கவில்லை. அதற்கும் அத்தனை பேரும் ஒருபோதும் இல்லை.

"ஏனுங்க கதிர், உங்க கம்பெனியில ஆருக்கும் அழுகை வர்றதில்லீங்க, சிரிப்பும் வர்றதில்லீங்க. மெசினுககிட்டக் குடுத்தா எழுதி வாங்குனீங்க?" என்றார் மேடம். சூப்பர்வைசர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். எனக்குக் கோபம் வந்தது.

அதன்பின் தாளை மூடிவிட்டு, டீ இடைவேளையில் பெண்களோடு போய் உட்கார்ந்தார். மனச்சோர்வு இருக்கிறதா என்று கேட்டதற்கு ஒருத்தி, "அதெல்லாம் பெரிய ஊட்டுப் பொம்பளைகளுக்குங்க மேடம். எனக்குச் சோறுதான் எறங்க மாட்டீங்குது" என்றாள். மேடம் அதை அப்படியே எழுதிக்கொண்டார். திரும்பி வந்து என்னிடம் சொன்னார்: "புஸ்தகத்துல மனசு தலைக்குள்ள இருக்குதுங்க கதிர். இங்க வயித்துல இருக்குது. இத்தனை வருசமா நான் தப்பான கதவைத் தட்டிட்டு இருந்திருக்கறேன்." நான் தலையாட்டினேன். நம் உளவியல் எளிமையானது. தையல் லைனில் ஒருத்தி அழுதால் வேறு லைனுக்கு மாற்றுவோம். மறுபடியும் அழுதால் ஊருக்கு அனுப்புவோம்.

அவர் புதிதாகக் கேள்விகள் எழுதினார். சோறு இறங்காமல் போகிறதா, நெஞ்சு கனக்கிறதா. பெயர் வேண்டாம், உறையில் ஒட்டிப் பெட்டியில் போடுங்கள், நான் ஒருத்திதான் திறப்பேன் என்று கும்பிட்டுச் சொன்னார். அந்தப் பெட்டிக்கு இன்னொரு சாவி என்னிடம் இருந்தது. அடுத்த வாரம் ஆடிட். திறந்தேன்.

எல்லாம் பழையபடி முதல் கட்டம். ஒரே ஒரு தாளில் மட்டும் எல்லா டிக்கும் 'எப்போதும்' என்ற கடைசிக் கட்டத்தில் இருந்தது. கீழே, 'பிள்ளைய நெனச்சா கண்ணு இருட்டிட்டு வருது, துணியில ஓட்டை இருக்கான்னே தெரிய மாட்டேங்கு, உசிரோட இருக்கவே பிடிக்கல' என்று எழுதியிருந்தது. பெயர் இல்லைதான். லீவு லெட்டர் வாங்கி வாங்கி எனக்கு அந்தக் கையெழுத்து பழக்கம். துணியில் ஓட்டை பார்க்கும் செக்கிங்கில் இருந்த மரியபுஷ்பம். தெற்கே கடற்கரை ஊரில் தாயிடம் குழந்தையை விட்டுவிட்டு எங்கள் ஹாஸ்டலில் இருந்தவள். அந்தத் தாளை மட்டும் எடுத்துக்கொண்டு மற்ற உறைகளைத் திரும்ப ஒட்டிப் பெட்டியில் போட்டேன்.

கூப்பிட்டேன். "உடம்பு சரியில்லையாமா. ஊருக்குப் போய் ரெஸ்ட் எடு" என்றேன்.

"யாரு சார் சொன்னா?" என்றாள்.

லீவு லெட்டர் எழுதச் சொல்லித் தாளை நீட்டினேன். அன்று மாலை பஸ்ஸிலேயே அனுப்பிவிட்டோம். ஹாஸ்டல் முழுக்க விஷயம் புரிந்துவிட்டது. அப்புறம் அந்தப் பெட்டிப் பக்கம் யாரும் போகவில்லை.

அடுத்த முறை மேடம் வந்து எல்லா உறைகளையும் பிரித்துப் பார்த்தார். "ஒருத்தராச்சும் நெசத்தை எழுதியிருப்பாங்கன்னு பாத்தனுங்க. ஒண்ணுகூட இல்லீங்க. என்ற கேள்விதான் தப்பு போல" என்றார். கேள்வி சரிதான் என்று சொல்ல எனக்கு ஒரு நிமிடம் போதும். "நம்ம ஆளுகளுக்கு அவ்வளவு வெவரம் பத்தாதுங்க மேடம்" என்றேன். சில மாதங்களில் வருவதை நிறுத்திக்கொண்டார். தோற்றுப்போனோம் என்று நம்பியேதான் செத்துப்போயிருப்பார். நம்பவைத்தவன் நான்.

மரியபுஷ்பம் கொடுத்திருந்த எண்ணை நேற்று அழைத்துப் பார்த்தேன். உபயோகத்தில் இல்லை. அவள் இருக்கிறாளா என்பது எனக்குத் தெரியாது.

மேடத்தின் நினைவாக என்னிடம் இருப்பது அந்தத் தாள் ஒன்றுதான். கிழித்துப் போட மனம் வரவில்லை. மனம் என்று நானும் சொல்கிறேன். அதன் கடைசிக் கேள்வி மேடம் தன் கையால் எழுதியது: 'இதைப் படித்தபின் நான் உங்களுக்கு என்ன செய்ய வேண்டும்?' அதற்குக் கீழே மரியபுஷ்பம் எழுதியிருக்கிறாள்: 'ஒண்ணும் வேண்டாம் மேடம். கதிர் சாருக்கு மட்டும் தெரிஞ்சிரக் கூடாது.'