பரமேஸ் தேடிய இன்னொரு ஆள்

பரமேஸ்வரி இறந்த செய்தி வந்தபோது நான் பயிற்சித் திடலில் இருந்தேன். மேட்டில் காரை நிறுத்தினால் பின்னாலேயே உருட்டிக்கொண்டு வரும் ஒரு வங்கி ஊழியரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். அழைத்தது அவளுடைய தங்கை விமலா. “அண்ணே, அக்கா போயிருச்சுண்ணே” என்றாள். காரை ஓரங்கட்டச் சொல்லிவிட்டுக் கைப்பேசியைத் திறந்தால், எங்கள் பழைய தோட்டத்து வாட்ஸ்அப் குழுவில் அதற்குள் கும்பிட்ட கைகள் குவிந்து கிடந்தன. நடுவில் ஒரு புண்ணியவான் எழுதியிருந்தார்: “ஏதோ அபூர்வ நோயாம். கோடியில ஒருத்தருக்குத்தான் வருமாம். பாவம்.” போனைத் தூக்கிக் கால்வாயில் எறிந்துவிடலாம் போல இருந்தது. அந்த ‘அபூர்வம்’ என்ற சொல்லோடுதான் அவள் வருடக்கணக்கில் சண்டை போட்டாள். செத்த அன்றும் அது அவளை விடவில்லை.

அவளை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஈப்போவில் நாங்கள் இருவரும் ஒரே ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் வேலை செய்தோம். அதற்கு முன்பே சுங்காய்ப் பக்கம் ஒரே ரப்பர் தோட்டத்துப் பிள்ளைகள். ரப்பர் போய் செம்பனை வந்து, லயன் வீடுகளும் இடிந்து, ஆளுக்கொரு அடுக்குமாடிக்குப் போனபிறகு இங்கே வந்து மறுபடி சந்தித்தோம். அவளிடம் ஓட்டப் பழகிய யாரும் அவள் வாயை மறந்திருக்க மாட்டார்கள். “ஸ்டியரிங்க இப்படிக் கட்டிப் புடிக்கிறீங்களே, அது என்ன உங்களக் கல்யாணமா பண்ணிக்கப் போகுது? விடுங்க லா!” என்பாள். அவளிடம் திட்டு வாங்கியவர்கள்தான் முதல் தடவையிலேயே தேர்வில் பாஸானார்கள்.

அவளுக்கு நோய் வந்த விதத்தை அவள் சொல்லிக் கேட்க வேண்டும். பழகுநர் காரில் எங்கள் பக்கமும் ஒரு பிரேக் இருக்கும். ஒருநாள் காலை ஒரு அம்மாள் முச்சந்தியில் நிறுத்தாமல் போக, பரமேஸ் தன் பக்கத்துப் பிரேக்கை மிதிக்கப் போனாள். கால் போகவில்லை. “கால் இருக்குண்ணே, கண்ணால பாக்குறேன். மிதின்னு சொல்றேன். அது பாட்டுக்கு யாரோ வீட்டுக் கால் மாதிரி கெடக்கு” என்றாள். முன்சக்கரம் சாக்கடையில் இறங்கியதோடு தப்பித்தார்கள். முதலாளி அவளைத் தூங்கிவிட்டாய் என்று வைதார். மாலைக்குள் இடுப்புக்குக் கீழே இரண்டு கால்களும் மரத்துப்போய்விட்டன. வயிற்றைச் சுற்றி யாரோ பெல்ட் போட்டு இறுக்குவது போல இருந்ததாம்.

இரண்டு கால்களும் விழுந்துவிட்டால் நம் ஆட்கள் என்ன செய்வார்கள்? ஸ்ட்ரோக் என்று தீர்ப்பெழுதிவிட்டு, எண்ணெய் போட்டு உருவிவிடுபவரைத் தேடுவார்கள். பரமேஸின் சொந்தக்காரர்களும் அதையேதான் செய்தார்கள். அவர் பேர்போனவராம், படுத்துக் கிடந்த எத்தனையோ பேரை எழுப்பி நடக்கவிட்டவராம். சூடாக்கிய கல்லைத் துணியில் சுற்றி அவள் கெண்டைக்காலில் வைத்து வைத்து எடுத்தார். அவளோ அவரோடு மீன் விலை பேசிக்கொண்டிருந்தாள். தோல் வெந்து வாடை வந்த பிறகுதான் விமலா அலறினாள். உணர்ச்சியே இல்லாத காலில் சூடு வைத்தால் எப்போது எடுப்பது என்று யாருக்குத் தெரியும்? கால் வெந்ததால்தான் அவளை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். இதை எழுதும்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

முதுகுத்தண்டுக்குள் போகும் நரம்பு வடத்தில் அழற்சி, டிரான்ஸ்வெர்ஸ் மைலைட்டிஸ் என்று டாக்டர் சொன்னார். கிருமியை அடிக்க வேண்டிய உடம்பின் காவல்படை ஆள் தெரியாமல் தன் நரம்பையே அடித்துவிட்டது என்று பொறுமையாக விளக்கினார். நல்ல மனிதர். பரமேஸ் கேட்ட முதல் கேள்வி, நடப்பேனா என்பதல்ல. “இது எத்தன பேருக்கு வரும் டாக்டர்?” என்றாள். “ரொம்ப அபூர்வம்மா. பத்து லட்சம் பேர எடுத்துக்கிட்டா, வருஷத்துக்கு ஒரு சிலருக்குத்தான் வரும்” என்றார். அதற்குப் பிறகு மாணவர்கள் கூட்டம் கூட்டமாக வந்து அவள் பாதத்தைச் சுரண்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். “அபூர்வம்னு சொல்றப்ப ஒவ்வொருத்தர் மூஞ்சியிலயும் ஒரு சந்தோஷம் பாத்தீங்களாண்ணே? என்ன, என்னைய ஏலத்துல விடப் போறாங்களா?” என்று என்னிடம் பொரிந்து தள்ளினாள்.

சில மாதங்களில் நடைச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நடக்கும் அளவுக்குத் தேறினாள். பள்ளி அவளைச் சாலை விதிகள் நடத்தும் வகுப்பறையில் உட்கார வைத்தது. அங்கே உட்கார்ந்தபடியேதான் அந்தக் கணக்கைப் போட்டாள். “பேராக் மாநிலத்துல மட்டும் இருபத்தஞ்சு லட்சம் பேர் இருக்கோம்ணே. வருஷா வருஷம் ஒரு சிலருக்கு வருதுன்னா, இத்தன வருஷத்துல எத்தன பேர் சேர்ந்திருக்கணும்? அவங்கள்லாம் எங்க? அரிதுன்னா இல்லவே இல்லைன்னா அர்த்தம்?” அவளுக்கு மருந்து வேண்டாம், அனுதாபம் வேண்டாம். தனக்கு வந்த அதே நோய் வந்த இன்னொரு ஆள் வேண்டும். ராத்திரியில் கால் எரிகிறது, மழை வந்தால் வயிறு இறுக்குகிறது என்றால், ‘ஆமாம், எனக்கும் அப்படித்தான்’ என்று சொல்ல ஒரு ஆள். அவ்வளவுதான் கேட்டாள்.

கல்யாண வீடு, காது குத்து, துக்க வீடு, எதையும் விட்டு வைக்கவில்லை. பந்தியில் உட்கார்ந்துகொண்டு, “உங்க குடும்பத்துல யாருக்காச்சும் இடுப்புக்குக் கீழ திடீர்னு மரத்துப் போச்சா?” என்று அடுத்த இலைக்காரரைக் கேட்பாள். அவர் அப்பளத்தைக் கையில் பிடித்தபடி முழிப்பார். எனக்கு மானம் போகும். “இப்படியே கேட்டுக்கிட்டுத் திரிஞ்சா ஒன்னத் தஞ்சோங் ரம்புத்தான் பைத்தியக்கார ஆஸ்பத்திரியில கொண்டு போய் விட்டுருவாங்க” என்றேன். “விடட்டும்ணே. அங்கயும் மனுஷங்கதான இருக்காங்க, கேட்டுட்டு வாரேன்” என்றாள்.

உச்சம் எங்கள் தோட்டத்து மாரியம்மன் திருவிழா. தோட்டமே இல்லாவிட்டாலும் கோயில் இருக்கிறது. எங்கெங்கோ சிதறியவர்கள் வருடத்துக்கு ஒருமுறை அங்கே வந்து சேர்வோம். வழியை மறித்து நிற்கும் கார் நம்பரையும், உபயகாரர் பெயர்களையும் மைக்கில் சொல்லிக்கொண்டிருந்த நேரத்தில், பரமேஸ் நடைச்சட்டத்தோடு போய் மைக்கை வாங்கிவிட்டாள். நோயின் பெயரைச் சொன்னாள், அறிகுறிகளைச் சொன்னாள், மூத்திரம் அடைத்துக்கொள்ளும் என்பதையும் விடாமல் சொன்னாள். கோயில் தலைவர் பாய்ந்து வந்து மைக்கைப் பிடுங்கினார். “அம்மா முன்னால என்னா பேச்சு இது?” என்றார். “அம்மாவுக்குத் தெரியாததா நான் சொல்லிட்டேன்?” என்று திருப்பிக் கேட்டாள் அவள்.

அந்த மைக்கால்தான் ஆட்கள் கிடைக்க ஆரம்பித்தார்கள், அதாவது தப்பான ஆட்கள். ஒருவருக்கு இனிப்பு நீர் வியாதியால் வந்த மரமரப்பு, ஒருவருக்கு முதுகெலும்பில் சில்லு பிதுங்கியது, ஒருவருக்கு அசல் ஸ்ட்ரோக். எல்லோர் வீட்டுக்கும் என் காரில்தான் பயணம். அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, “சிக்னல் போடுங்கண்ணே, நாமளே போடலன்னா யாரு போடுவா?” என்று எனக்கே பாடம் எடுப்பாள். கடைசியாக ஹுத்தான் மெலிந்தாங் என்ற ஊரில் ஒரு பெண் இருக்கிறாள், படி ஏற முடியாமல் கிடக்கிறாள் என்று தகவல் வந்தது. போனோம். அந்தப் பெண்ணின் அம்மா தேநீர் கொடுத்தார். “அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க. மோட்டார் சைக்கிள்ல விழுந்துட்டா, அடி பட்டுருச்சு” என்றார். பெண் அறையை விட்டு வெளியே வரவில்லை. பரமேஸ் தன் நம்பரைச் சொல்லிவிட்டு வந்தாள். ஈப்போ வரும்வரை அவள் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். சிக்னல் போடாமல் திரும்பினேன், அதற்கும் ஒன்றும் சொல்லவில்லை.

அவளைக் கொன்றது அந்த அபூர்வ நோய்கூட இல்லை. அது விட்டுப்போன மூத்திரக் கோளாறால் அடிக்கடி கிருமி தொற்றும். இந்த முறை அது இரத்தத்தில் ஏறிவிட்டது. உணர்ச்சி இல்லாத உடம்பில் வலிகூட ஒழுங்காக வந்து சொல்லவில்லை. காய்ச்சலை மழைக் காய்ச்சல் என்றே நினைத்திருக்கிறாள். ஆஸ்பத்திரிக்கு அந்தக் காலை வகுப்பை முடித்துவிட்டுத்தான் போவேன் என்று அடம்பிடித்திருக்கிறாள். இதைக் கேட்டபோது அழுகையோடு கோபமும் வந்தது. யார் மேல் காட்டுவது?

பதினாறாம் நாள் காரியத்தன்று விமலா வீட்டில் சாப்பாடு பரிமாறிக்கொண்டிருந்தோம். லிஃப்ட் திறந்து, ஹுத்தான் மெலிந்தாங் அம்மாள் வெளியே வந்தார். பின்னால் அந்தப் பெண், ரேகா, பரமேஸ் வைத்திருந்ததைப் போலவே ஒரு நடைச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டு வந்தாள். பத்திரிகையில் மரண அறிவிப்பைப் பார்த்தார்களாம். அந்த அம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டார். “மோட்டார்லாம் இல்லீங்க. அந்த அக்கா சொன்ன அதே வியாதிதான். அப்ப பொண்ணுக்கு வரன் பேசிக்கிட்டு இருந்தோம், வெளிய தெரிஞ்சா போச்சேன்னு மறைச்சிட்டேன். அந்த வரனும் நிக்கல.”

எனக்கு வந்ததே ஆத்திரம்! “ஏம்மா, ஒரு வார்த்த! ஒரே ஒரு வார்த்த அன்னிக்குச் சொல்லியிருந்தா என்னம்மா கொறஞ்சிருக்கும்? ஊரு ஊரா தேடினாளே! ஒங்க வீட்டு நாற்காலியிலயே வந்து ஒக்காந்தாளே!” என்று கத்திவிட்டேன். பந்தியில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அந்த அம்மாள் தலையைக் குனிந்துகொண்டார். அவரை மட்டும் திட்டி என்ன பயன்? சிலர் ஸ்ட்ரோக் என்கிறோம், சிலர் மோட்டார் என்கிறோம், சிலர் செய்வினை என்கிறோம். மூடி மூடி வைத்துவிட்டு, அபூர்வம் என்று பேர் வைக்கிறோம்.

ரேகாதான் என் அருகே வந்தாள். சுவரில் மாலை போட்டிருந்த பரமேஸின் படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“அங்கிள், அந்த அக்காவுக்கு ராத்திரியில காலு எரியுமா?”

“எரியும்மா. போர்வை பட்டாக்கூட எரியுதுன்னு சொல்லும்.”

“மழை வந்தா இங்க இறுக்குமா?” என்று வயிற்றைத் தொட்டுக் காட்டினாள்.

“பெல்ட் போட்டு இறுக்குற மாதிரின்னு சொல்லும்.”

அவள் நடைச்சட்டத்தின் மேல் நெற்றியை வைத்துக்கொண்டு அழுதாள். “அப்ப எனக்கு மட்டும் இல்லையா?” என்றாள்.

பரமேஸிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது பந்தியில் என் மானத்தை வாங்கிய அந்தக் கேள்வியை மட்டும்தான். இப்போது போகிற கல்யாணத்தில் எல்லாம் நான் கேட்கிறேன். என் மனைவி மேசைக்கடியில் தொடையைக் கிள்ளுகிறாள். கிள்ளட்டும். இதைப் படிக்கும் உங்களையும் கேட்கிறேன்: உங்கள் வீட்டில் யாருக்காவது இடுப்புக்குக் கீழே திடீரென்று மரத்துப்போனதா? இருந்தால் சொல்லுங்கள். ஹுத்தான் மெலிந்தாங்கில் ஒரு பெண் இன்னொரு ஆளைத் தேடிக்கொண்டிருக்கிறாள்.