தராசிலிருந்து இறங்கிய நைனா

சென்னை விமான நிலையத்தில் பெட்டியை எடைமேடையில் வைத்ததும் என் முகம் கடுத்துவிட்டது. முப்பது வருடத்துக் கோபம்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப்பில் வேலை பார்த்த என் நைனா, கொச்சிக்கு வந்திருந்த வெளிநாட்டு வியாபாரியிடம் மாதிரித் தோல் காட்டக் கிளம்பினார். வழியனுப்ப இதே விமான நிலையத்துக்கு நானும் போனேன். பதினைந்து பேர் ஏறும் குட்டி விமானம். ஆளையும் மூட்டையோடு நிறுத்தி எடை போடுவார்கள்.

எடை போட்டவன் மூக்கைப் பொத்தினான். "இன்னாய்யா, செத்த மாட்டையே கட்டிக்கினு வந்துட்டியா? வெயிட் ஜாஸ்தி. நீ ஏறு, மூட்டை அடுத்த பிளேன்ல வரும்."

சுவரில் இருந்த அட்டவணையை நான் படித்திருந்தேன். "நைனா, அடுத்த பிளேன் வெள்ளிக்கிழமதான்!"

வியாபாரியோ அன்று ராத்திரியே ஊர் திரும்புகிறவர்; ரயிலில் போனாலும் பிடிக்க முடியாது. நைனா தராசிலிருந்து இறங்கினார். "தோல் இல்லாம போயி இன்னாத்த காட்டறது? உன் கால்ல கீற ஷூ மட்டும் மணக்குதா? அதுவும் எங்க ஊரு தோலுதான்டா!"

அவன் சிரித்தபடி அடுத்த ஆளைக் கூப்பிட்டான். விமானம் போனது, ஆர்டரும் போனது. பிற்பாடு அந்த விமானக் கம்பெனியை இழுத்து மூடியபோது, எங்க ஊர்ப் பக்கத்து இனிப்பான மக்கன்பேடா வாங்கித் தின்று கொண்டாடியவள் நான்.

"வெயிட் கம்மிதான் மேடம்" என்றான் இன்றைய பையன், மரியாதையாகத்தான். நான் எட்டி அவன் காலைப் பார்த்தேன். பளபளவென்று ஷூ.

"எந்த ஊரு தோலுன்னு தெரியுமா?"

"தெரியாது மேடம்."

"தெரிஞ்சிக்கோ" என்று பெட்டியைத் தள்ளினேன்.